திரும்பி வந்த வெள்ளைப் பந்து

அன்புள்ள அத்தானுக்கு,

என் நிரந்தர வேலையைக் கெடுத்தது நீங்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மரியாதைக்கு வருகிறேன். அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நீங்களும் இருங்கள், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்க ஆள் வேண்டும் அல்லவா.

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது உங்களுக்குத் தெரியும். நான் ஆறு வருடமாகத் தற்காலிகம். மேலாளருக்கு பில்லியர்ட்ஸ் பைத்தியம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, "என்னை எவனாவது ஒரு ஆட்டத்துல ஜெயிங்கடா பாப்போம். அந்த இடம் அவனுக்கு" என்றார். கை தட்டினோம். ஒருவனுடைய சோற்றைக் குச்சி முனையில் வைத்து விளையாடுகிறாரே என்று யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கும்தான். கோபப்படுவதற்கும் நிரந்தர வேலை வேண்டும்.

அவரை ஜெயிக்க வேண்டுமானால் பந்தைப் பின்னால் இழுக்கிற அடி தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர் நம் குடும்பத்திலேயே இருக்கிறாரே என்று உங்களுக்கு போன் செய்தேன். என் கெட்ட நேரம். "வெள்ளைப் பந்தை நடுவுக்குக் கீழ குத்து மச்சான். முன்னால ஓடிக்கிட்டே பின்பக்கமா சுத்தும். அடுத்த பந்துல நேருக்கு நேர் மோதினா ஓட்டம் பூரா அதுக்குப் போயிடும், இதுக்குச் சுத்து மட்டும்தான் மிச்சம். அந்தச் சுத்து மேசைத் துணியைப் பிடிச்சுப் பந்தைப் பின்னால இழுக்கும். அவ்வளவுதான்!" என்றீர்கள். பக்கத்திலிருந்து அக்கா, "பந்தாவது திரும்பி வருதாம். இவரைக் கடைக்கு அனுப்பினா வர்றதே இல்ல" என்றது என் காதில் விழுந்தது.

அவ்வளவுதானாம். கீழே என்றால் எவ்வளவு கீழே? தொழிலாளர் அறை மேசையில் நான் குத்திய முதல் குத்தில் பந்து எகிறிப்போய் மேஸ்திரியின் டீ கிளாஸை உடைத்தது, அடுத்த குத்தில் குச்சி வழுக்கித் துணி கிழிந்தது. குச்சி நுனிக்குச் சாக்கட்டி பூச வேண்டும், குச்சியின் பின்பக்கத்தைத் தூக்கக் கூடாது, மணிக்கட்டு இறுகக் கூடாது, குத்தியதும் பயந்து இழுத்துக்கொள்ளாமல் குச்சி பந்தைத் தாண்டிப் போக வேண்டும் என்பதெல்லாம் சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லித்தான் தெரிந்தது. எந்நேரமும் பேசுகிற ஒருவனுக்கு நாங்கள் 'ஊமை' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன், "டேய், பந்தைக் குத்துறியா, பாம்பை அடிக்கிறியா?" என்றான். எப்படியோ பழகினேன். ஆனால் எங்கள் மேசைத் துணி பழசு, ஒட்டுப்போட்டது, எப்போதும் ஈரம். பந்து போகிற வழியிலேயே சுழற்சியை அது தின்றுவிடும். உயிரைக் கொடுத்துக் குத்தினால்தான் ஒரு சாண் திரும்பும். அந்த ஒரு சாணுக்குத்தான் பழகினேன்.

ஆட்டம் மாடியில், அதிகாரிகள் அறையில். புதுத் துணி, கை வைத்தால் வழுக்கியது. கடைசியில் இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் போடுகிறவருக்கு ஜெயம். என் முறை. கறுப்பு எதிர்மூலைக் குழியின் வாயில் நிற்கிறது. வெள்ளை அதற்கு நேர்க்கோட்டில், மேசை நடுவில். சும்மா தட்டினால் கறுப்பின் பின்னாலேயே வெள்ளையும் குழிக்குள் போய்விடும். வெள்ளை விழுந்தால் ஆட்டம் போச்சு. இழுத்தே ஆக வேண்டும்.

அறையில் ஊமைகூட வாயை மூடியிருந்தான். குச்சி நுனிக்குச் சாக்கட்டி பூசினேன். பழகியபடியே, உயிரைக் கொடுத்துக் குத்தினேன். கறுப்பு டொக்கென்று விழுந்தது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளை ஒரு கணம் நின்ற இடத்திலேயே சுழன்றது. பிறகு கிளம்பியது. ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. நிற்கவில்லை. மேசையில் ஊன்றியிருந்த என் கையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. "கையை எடுப்பா, தொட்டா ஃபவுல்" என்றார் மேலாளர், பாசமாக. எடுத்தேன். கை இருந்த இடத்தின் வழியாகவே உருண்டுபோய், என் பக்கத்து மூலைக் குழியில் விழுந்தது.

எந்தத் துணி என்று கேட்டீர்களா? வழவழப்பான துணியில் சுழற்சி கரையாமல் போய்ச் சேரும் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? கீழே நாங்கள் உயிரைக் கொடுத்தால் ஒரு சாண். மேலே அவர்கள் லேசாகத் தட்டினாலே ஒரு முழம். இயற்பியல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இனிமேல் வகுப்பில் சொல்லாதீர்கள்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு வெறும் வணக்கம்.

இப்படிக்கு,
இன்னும் தற்காலிகமாகவே இருக்கும்
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் அவருடைய தம்பி மகன், புதுச் சட்டையில். "அந்த இடத்துக்கு இவன்தான். ஆர்டர் போன வாரமே குடுத்தாச்சு. ஆட்டம் சும்மா ஒரு தமாஷுக்குப்பா" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கெடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. அதோடு விட்டாரா? "பந்து என்னமா திரும்பி வந்துச்சு! நாளையிலேருந்து வேலை முடிஞ்சதும் மாடிக்கு வா, இவனுக்கு அதைச் சொல்லிக் குடு" என்றார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போகாவிட்டால் இருக்கிற தற்காலிகமும் போகும். அத்தான், எனக்குச் சூத்திரம் வேண்டாம், ஆறுதல் வேண்டாம். போகட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுதுங்கள்.