மாலினியை மறைத்த முதுகு

பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது நல்ல பழக்கம். எழுந்த பிறகு, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது அதைவிட நல்ல பழக்கம். இரண்டாவது பழக்கம் எனக்கு எழுபத்திரண்டு வயதில்தான் வந்தது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

என் மகன் செல்வம் அமெரிக்காவில், ஒரே ஒரு கடைத்தெரு உள்ள சின்ன ஊரில் இருக்கிறான். அவன் மகள் மாலினி அந்த ஊர் அரசுப் பள்ளியில் படிப்பை முடித்தாள். சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு நான் மட்டும் போனேன். என் மனைவி பாக்கியத்துக்கு முழங்கால் வலி. ரங்கூனில் எங்கள் பேட்டையான தாகேதாவின் சந்தைக்குப் போய் வருவதே அவளுக்குப் பெரும் பயணம். ஆறு வயதுவரை எங்களோடு இருந்த மாலினியைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனவள் அவள்தான்.

"எனக்கு ஒன்னும் வாங்கியார வேணாங்க. புள்ள மேடையில நடந்து போறத மட்டும் வீடியோ புடிச்சிட்டு வாங்க, போதும்," என்றாள். என் வெள்ளைச் சட்டைக்கு அவளே இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தாள்.

விழா, கூடைப்பந்து ஆடும் கூடத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது (ஒரு நாயும்). செல்வம் எனக்குப் பின்வரிசையில், வீடியோ பிடிக்கக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பள்ளிப் படிவத்தில் கேட்டார்களே என்று என் பெயரை எழுதி வைத்திருந்தான். ஆறுமுகம் என்பது எழுத்து வரிசையில் முன்னால் வந்துவிட்டது. மாலினிதான் முதல் ஆள்.

தலைமையாசிரியர் மேடைக்கு வந்தார். ரங்கூனில் படித்தவனுக்கு இதற்குமேல் யோசனை எதற்கு? எழுந்தேன். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, "மிங்கலாபா, சயாஜீ!" என்று உரக்க வணக்கம் சொன்னேன். எங்கள் வகுப்பில் சயாஜீ, அதாவது பெரிய வாத்தியார், வந்தால் முப்பது பேர் சேர்ந்து சொல்வோம்; அவர் சொன்ன பிறகுதான் உட்காருவோம். அங்கே நான் ஒருவனே சொன்னேன். (நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.)

"அப்பா, உக்காருங்கப்பா! பேரு கூப்பிடுறாங்க!" செல்வம் என் பர்மாக் கைலியான லோஞ்சியைப் பிடித்து இழுத்தான்.

"சயாஜீ இன்னும் உக்காரச் சொல்லலடா. லோஞ்சிய விடு, அவுந்துரும்!"

ஒரு கை மார்பில், மறு கை இடுப்பு முடிச்சில். அப்படியே நின்றேன். கடைசியில் தலைமையாசிரியரே ஒலிபெருக்கியில், "ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்," என்றார். உத்தரவு கிடைத்த நிம்மதியோடு உட்கார்ந்தேன். அதற்குள் மாலினி சான்றிதழ் வாங்கி, இறங்கித் தன் இடத்துக்கே போய்விட்டாள். நான் அவளை நன்றாகப் பார்த்தேன். கைபேசி என்னை நன்றாகப் பார்த்தது.

வீடு திரும்பி, பாக்கியத்திடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். திரை முழுக்க வெள்ளை. மாலினியின் பெயரை அழைக்கும் குரல், கைதட்டல், விசில். மற்றபடி என் முதுகு.

கடைசிவரை பார்த்தாள்.

"பெட்டி நல்லாத்தாங்க போட்டிருக்கேன். ஒரு சுருக்கம் இல்ல, பாருங்க," என்றாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சில மத்தியானங்களில் கைபேசியைக் காதோடு வைத்து, அந்தப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் வாசல்வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போவேன். அடுத்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மாலினி ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். எடுத்ததும், "தாத்தா, மொதல்ல உக்காருங்க!" என்பாள். பின்னால் செல்வம் சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன்.

உட்கார்ந்தேதான் இருக்கிறேன். எழுந்து நிற்க இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்?