சூடே ஏறாத சிறுத்தை-8

ஒரு காட்டில் ஒரு மரநாய் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தது. இந்தக் கதையின் கடைசியில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். கடைசியில்தான். நடுவில் சிரிப்பவர்கள் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டு கறையானைப் பற்றிக் கேளுங்கள்.

மாசிலாமணி என்கிற கரடி மூன்று வருடமாகக் கறையான் தின்றுகொண்டிருந்தது. காலையில் கறையான். மதியம் கறையான். சாயங்காலம், மதியம் மிஞ்சிய கறையான். எல்லாம் அந்தத் தேன் உரிமத்தால் வந்த வினை. முன்பெல்லாம் தேன்பாறையில் யார் முதலில் ஏறிக் கையை விடுகிறாரோ அவருக்குத் தேன். பிறகு காட்டுக்கு நிர்வாகம் வந்தது. நிர்வாகம் வந்ததும் படிவம் வந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள், காலை சரியாகப் பத்து மணிக்கு, ஆன்லைனில் அது திறக்கும். முதலில் அனுப்புகிறவருக்கு ஒரு வருடத்துக்குத் தேன்பாறை. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு எல்லாம் முடிந்து போயிருக்கும்.

மூன்று வருடமும் மாசிலாமணியின் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம்தான் சுற்றியது. சுற்றிக் களைத்து நின்றபோது, 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று வந்தது. தேனின் ருசியே கரடிக்கு மறந்துவிட்டது. கனவில்கூடக் கறையான்தான் வந்தது. அதுவும் வரிசையாக.

"இந்த வருசம் விடப்போறதில்ல," என்று அது கிளம்பி மரநாயின் கடைக்கு வந்தது.

மரநாயின் பெயர் கோதண்டம். அதன் கடையில் அப்போது பெரிய சிக்கல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பா? இன்னும் இல்லை. சிக்கலைக் கேளுங்கள்.

கோதண்டத்திடம் இரண்டு ப்ராசசர்கள் இருந்தன. ப்ராசசர் என்றால் கம்ப்யூட்டரின் மூளை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்றின் பெயர் களிறு-16. இன்னொன்று சிறுத்தை-8. ஏழு வருடத்துக்கு முன்னால் இரண்டும் உச்சாணிக் கிளைச் சரக்கு. புலிகள் மட்டும்தான் வாங்கின. வாங்கிய புலிகளும் அதில் சீட்டுதான் விளையாடின. இப்போது பழசாகி, கைமாறிக் கைமாறி, மரநாயிடம் வந்து சேர்ந்திருந்தன.

ப்ராசசர் வேலை செய்தால் கொதிக்கும். அதனால் அதன் தலையில் ஒரு பசையைத் தடவித்தான் விசிறியை உட்கார வைக்க வேண்டும். கோதண்டத்திடம் அந்தப் பசை தீர்ந்துபோயிருந்தது. பலாப்பிசின் இருந்தது. "பசைன்னா பசைதானே," என்று சிறுத்தை-8 தலையில் அதைத் தடவியது. சிறுத்தை-8 மூன்று நிமிடம் ஓடியது. பிறகு கடை முழுக்கப் பலாக்கொட்டை வறுத்த வாசனை. அவ்வளவுதான், சிறுத்தை போய்ச் சேர்ந்தது.

மிச்சம் களிறு மட்டும். ஆனால் கடை வைத்திருக்கிற யாருக்கும் ஒன்று தெரியும்: ஒற்றைச் சரக்கை எவனும் வாங்க மாட்டான். ஒன்று மட்டும் இருந்தால், "இது நல்லதா?" என்று கேட்பான். இரண்டு இருந்தால், "இதுல எது நல்லது?" என்று கேட்பான். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது. இரண்டாவது கேள்வி கேட்டவன் வாங்காமல் போனதில்லை.

ஆகவே கோதண்டம் இரண்டு சிபியு பெட்டிகளை வைத்தது. இடப்பக்கப் பெட்டியில் களிறு-16. வலப்பக்கப் பெட்டியில் ஒன்றும் இல்லை. மேலே 'சிறுத்தை-8' என்று ஸ்டிக்கர் மட்டும். இரண்டு மானிட்டர்களையும் இடப்பக்கப் பெட்டியிலேயே சொருகிவிட்டது. இடது திரையில் என்ன தெரிகிறதோ அதுவே வலது திரையிலும் தெரியும். ஒயர்களை மேசைக்கு அடியில் சாக்கால் மூடியது. அந்த நேரத்தில்தான் கரடி உள்ளே வந்தது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. எது வேணும்? களிறா, சிறுத்தையா?"

"எதுல தேன் கெடைக்கும்?"

"அப்படிக் கேக்கப்படாது. பந்திக்குப் பரிமாற ஆளு விடுதோம்னு வச்சிக்கிடுங்க. களிறுல பதினாறு பேரு. நடந்துதான் வருவான். சிறுத்தைல எட்டே பேரு. ஆனா ஓடுவான். ஒங்களுக்கு நடக்கறவனா, ஓடுறவனா?"

"எனக்குச் சாப்பாடு வந்தாப் போதும்பா."

"ஒண்ணு செய்வோம். ரெண்டுலயும் ஒரே வேலையக் குடுப்போம். நீங்களே பாத்துக்கிடுங்க. போட்டி நியாயமா இருக்கணும்லா? அதனால நான் ஒரே கீபோர்டுல ரெண்டையும் தட்டுதேன்."

கரடிக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோதண்டம் தட்டியது. இரண்டு திரையிலும் நாற்பது ஜன்னல்கள் திறந்தன. கரடி முதலில் இடது திரையைப் பார்த்தது. அங்கே எல்லாம் திறந்து முடிந்ததும் தலையைத் திருப்பி வலது திரையைப் பார்த்தது. அங்கே ஏற்கெனவே முடிந்திருந்தது.

"ஏல, சிறுத்தை முந்திட்டான்!"

பத்துத் தடவை பார்த்தது. பத்துத் தடவையும், கரடி திரும்புவதற்குள் சிறுத்தை முடித்துவிட்டுச் சும்மா நின்றது.

இருந்தாலும் கரடிக்குப் பயம். மூன்று வருடக் கறையான் அல்லவா? "நாலு பேரு சொல்லட்டும்," என்று அது தளவாயைக் கூட்டி வந்தது. தளவாய் ஒரு கருமந்தி. 'கிளைக்குக் கிளை' என்று சேனல் நடத்துகிற பேர்வழி. அது வாலால் போனைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது.

"வணக்கம் கிளைவாசிகளே! இன்னிக்கு நாம பாக்கப்போறது, ஏழு வருஷத்துக்கு முன்னாடி காட்டையே கலக்கின ரெண்டு ஜாம்பவான்கள்! இந்தப் பக்கம் களிறு-16. தொட்டுப் பாக்கறேன்... அம்மா! சுடுது மக்களே, அப்பளமே பொரிக்கலாம். சத்தத்தைக் கேளுங்க, வண்டு பண்ணை மாதிரி. இப்ப இந்தப் பக்கம் சிறுத்தை-8. தொடறேன்..."

தொட்டது. பெட்டிமேல் கன்னத்தை வைத்துப் பார்த்தது.

"மக்களே. சில்லுனு இருக்கு. நாற்பது ஜன்னல் ஓடுது, சூடே இல்ல. சத்தம்? பூஜ்யம். மின்சாரம்? மீட்டரை மாட்டிப் பாத்தேன், அதுவும் பூஜ்யம்! என் அனுபவத்துல இப்படி ஒரு ப்ராசசரை நான் பார்த்ததே இல்ல!"

அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் காடு இரண்டாகப் பிரிந்தது. காட்டெருமைகள் எல்லாம் களிறு கட்சி, "சூடாகாத வேலை என்ன வேலை?" என்றன. கீரிகள் சிறுத்தை கட்சி. மான்கள் சிறுத்தை என்ற பெயரைக் கேட்டதுமே களிறு பக்கம் ஓடிவிட்டன. இதில் யாரிடமும் கம்ப்யூட்டர் இல்லை.

மாசிலாமணி முடிவுக்கு வந்துவிட்டது. "சிறுத்தையவே குடுத்துரு தம்பி."

கோதண்டத்துக்கு வியர்த்தது. இரண்டு வைத்தால் ஒன்று விற்கும் என்று அதற்குத் தெரியும். இல்லாதது விற்கும் என்று அது நினைக்கவில்லை.

"அண்ணாச்சி, களிறையும் ஒரு தடவ யோசிச்சுப் பாருங்களேன். பதினாறு பேரு..."

"சுடுதுல்லா? வேண்டாம். ஆனா ஒண்ணு, நாளைக்குத்தான் தேன் படிவம். இங்கயே ஒக்காந்து ஓட்டிப் பாத்துட்டுத் தூக்கிட்டுப் போறேன்."

"நானும் வர்றேன் மாமா," என்றது தளவாய். "எனக்கும் அதே படிவத்துல அத்திமர உரிமம் வேணும். நீங்க சிறுத்தைல உக்காருங்க, நான் களிறுல உக்காந்து லைவ் போடறேன். எது ஜெயிக்குதுன்னு காடே பாக்கட்டும்."

இப்போது சிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. மணி இன்னும் பத்தாகவில்லை.

மறுநாள் காலை கோதண்டம் இரண்டாவது கீபோர்டையும் மவுசையும் கொண்டுவந்து, வேறு வழியில்லாமல், அதே இடப்பக்கப் பெட்டியில் சொருகியது. பிறகு மின்சாரம் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது. அந்த வாரம் தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று. அன்று மட்டும் போகவில்லை.

பத்து மணி. படிவம் திறந்தது. நிர்வாகத்துக்குத் தட்டச்சில் நம்பிக்கை கிடையாது. எல்லாம் பட்டியலில் தேடிச் சொடுக்குவதுதான். முதலில் பெயர். பிறகு என்ன வேண்டும் என்பது. பிறகு 'அனுப்பு'. திரும்பப் பெற முடியாது.

கரடி பட்டியலில் 'மாசிலாமணி, கரடி' என்பதைச் சொடுக்கியது. பிறகு 'தேன்பாறை'யைத் தேடி அம்பை நகர்த்தியது. அம்பு வேறு பக்கம் ஓடியது.

"ஏல கோதண்டம், அம்பு தானா போகுது!"

"வேகம் அண்ணாச்சி. நீங்க நெனைக்கறதுக்கு முந்தியே போயிருது."

பக்கத்து நாற்காலியில் தளவாய் கத்தியது. "மக்களே, நான் அத்திமரத்தைத் தொட்டேன், அது தானா தேன்பாறைக்குப் போயிடுச்சு! இந்தக் களிறு சுயமா யோசிக்குது! ஏழு வருஷத்துக்கு முன்னாடியே செயற்கை நுண்ணறிவு!"

கரடி மவுசை இடப்பக்கம் இழுத்தது. மந்தி வலப்பக்கம் இழுத்தது. அம்பு நடுவில் நின்று நடுங்கியது. கரடி தேன்பாறையை அமுக்கியது. மந்தி அத்திமரத்தை அமுக்கியது. கரடி மறுபடியும் தேன்பாறை. "போய் பேரைப் பாப்போம்," என்று மந்தி அம்பைப் பெயர்ப் பட்டியலுக்கு ஏற்றித் தன் பெயரைச் சொடுக்கியது. அதே நொடியில் கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரைக் குத்தியது.

படிவம் போயிற்று. வட்டம் சுற்றவே இல்லை. காட்டிலேயே முதல் ஆள். இரண்டு திரையிலும் பச்சை நிறத்தில் பதில் வந்தது.

'வாழ்த்துகள். உரிமம் பெறுபவர்: தளவாய், கருமந்தி. ஒதுக்கீடு: தேன்பாறை. உரிமம் பெற்றவர் நேரில் வந்து தம் கையாலேயே கூட்டில் கைவிட்டு எடுக்க வேண்டும். பிறருக்கு மாற்றித் தர இயலாது.'

தளவாய்க்குத் தேனீ என்றால் குலைநடுக்கம். போனைப் பிடித்திருந்த வால் தளர்ந்தது.

"மாமா, என் பெட்டியில உங்க தேன் ஏன் வந்திருக்கு?"

"என் பொட்டியில ஒன் பேரு ஏன்ல வந்திருக்கு?"

இருவரும் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்கள். கோதண்டம், "சர்வர் கோளாறு அண்ணாச்சி, நான் போய் ஒரு டீ..." என்று எழுந்தது.

"ஒக்காரு."

கரடி தன் மவுசை ஒரு விரலால் மெல்லத் தள்ளியது. தன் திரையைப் பார்க்கவில்லை. மந்தியின் திரையைப் பார்த்தது. அங்கே அம்பு நகர்ந்தது. திரும்ப இழுத்தது. அங்கேயும் திரும்ப வந்தது.

கரடி குனிந்தது. சாக்கை விலக்கியது. ஒயரை மோப்பம் பிடித்துக்கொண்டே போயிற்று. தன்னுடையது, மந்தியுடையது, மானிட்டருடையது, எல்லாம் ஒரே இடத்துக்குப் போயின. பிறகு அது எழுந்து சிறுத்தை-8 பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியது.

உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. கரடி மூடியைத் திறந்தது. கோதண்டத்தின் மதியச் சாப்பாடு: மோர்ச்சோறு, ஊறுகாய். விரலை விட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது.

"ஓஹோ," என்றது கரடி.

நீதி: ஒன்றை விற்க வேண்டுமானால் இரண்டாகக் காட்டு. வாங்க வருவது கரடியானால் முதலில் கடைக்குப் பின்வாசல் வை.