யானைக்குத் தும்பிக்கை இருக்கா?

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத அரசு ஊழியர் ஒருவர்தான்: எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் லென்ஸ் அக்கா. சாப்பிடுவதுகூட ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தபடிதான். கழுத்தில் ஒரு லென்ஸ் தொங்கும், இடக்கையில் பழைய வெள்ளி ரூபாய் இருக்கும். தட்டை ஏந்திக்கொண்டு நான் பின்னால் ஓட வேண்டும்.

காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தரம் பிரிப்பதில் அவருக்கு அப்படியொரு வெறி. காசில் இருக்கும் வெள்ளைக்கார ராஜாவின் அங்கியில் மிளகளவு யானை ஒன்று இருக்கும். சீக்கிரம் தேய்வது அதுதான்.

“யானைக்குத் தும்பிக்கை இருக்கா?” என்று காசை நீட்டி வாட்ச்மேனை மறிப்பார்.

“தெரியலீங்களே.”

“அப்ப ஒங்க கண்ணு ரெண்டாந்தரம்.”

என் அறைத்தோழி ஜெசிந்தா ஆவூர்க்காரி. நர்சிங் பரீட்சைக் கட்டணத்துக்காக அவள் அம்மா ஒன்பது வெள்ளி ரூபாய் கொடுத்தனுப்பியிருந்தார். திருச்சி பழங்காசு வியாபாரி பார்க்க வருகிறார் என்றதும் ஜெசிந்தா டூத்பேஸ்ட் போட்டு ஆறு காசுகளைத் தேய்த்துவிட்டாள். பேஸ்ட் தீர்ந்ததால் மூன்று தப்பித்தன.

“புதுசாட்டம் மின்னுதே!” என்றார் வியாபாரி. நல்ல விலை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லென்ஸ் அக்கா நுழைந்துவிட்டார்.

“தேய்ச்ச மினுக்குங்க அது. சாய்ச்சுப் பாருங்க, கீறல் தெரியும். வெறும் வெள்ளி வெலைதான் பெறும்.”

வியாபாரி பையை மூடிக்கொண்டு கிளம்பினார். ஜெசிந்தா வெடித்தாள். “அக்கா, நீங்க எங்க பக்கமா, அவரு பக்கமா?”

“நான் காசு பக்கம்டி.”

இரண்டு நாள் ஜெசிந்தா அவரோடு பேசவில்லை. அக்கா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்த நடையில், தரை பள்ளமாகிவிடும் என்று வார்டன் பயந்தார். மூன்றாம் நாள் காலையில் அக்கா லீவு போட்டார். கருத்துக் கிடந்த மூன்று காசுகளையும் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினார். சீட் காலியாக இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.

“கருப்பா இருக்கேங்க” என்றார் வியாபாரி.

“கழுவக் கூடாத கருப்பு. ராஜாவோட காது, கிரீடம் எல்லாம் முழுசு. தும்பிக்கையும் இருக்கு. மூணாவதுல மட்டும் விளிம்புல ஒரு அடி பட்டிருக்கு, அதுக்குக் கொறைச்சுக்கங்க.”

வியாபாரி லென்ஸை எடுத்தார். பிறகு அப்படியே கீழே வைத்துவிட்டார். “விக்க வந்த காசையே மட்டம்னு சொன்னவங்க நீங்க. ஒங்க பேச்சே போதும்.”

அந்த மூன்றிலேயே கட்டணம் தேறிவிட்டது. கடைப் படியில் ஜெசிந்தா அழுதுகொண்டே அவரைக் கட்டிப்பிடித்தாள். “விடுடி, விளிம்பு நசுங்குது!” என்று நெளிந்தார் அக்கா.

பிறகு அவருக்கு மணமேல்குடிக்கு மாற்றல் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நானும் ஜெசிந்தாவும் அவர் வாசலில் போய் நின்றோம். “என்னடி, காசு ஏதும் கொண்டாந்தீங்களா?” என்று கை நீட்டினார்.

இல்லை. சும்மா பார்க்கத்தான் போயிருந்தோம்.