தோற்பதற்கு ஒரு ஆள்

சமுகமளித்தோர்: தலைவர் கணேசலிங்கம், அவரை எதிர்த்து மூன்றாவது முறையாக நிற்கும் குலசேகரம், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் பெனடிக்ற், தேநீருக்குப் பொறுப்பான கலாவதி, மற்றும் ஏழு பேர். அந்த ஏழில் மூவர் தேநீரோடு தரும் பொரித்த இறைச்சி றோல்ஸுக்காக மட்டும் வந்தவர்கள்.

வெம்பிளியில் ஒரு தேவாலய மண்டபம். 1984 நவம்பர், ஞாயிறு பிற்பகல். ஊரவர் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம்.

மண்டபம் பிடித்தது, அறிவித்தல் அடித்தது, ஆட்களை வான் வண்டியில் ஏற்றி வந்தது எல்லாம் குலசேகரம். இந்த முறை வெல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று இருந்தார். அமெரிக்காவில் றீகன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை வென்று இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

“அந்தாள் அறுபத்தெட்டிலை கேட்டார், கட்சி குடுக்கேல்லை. எழுபத்தாறிலை கேட்டார், குடுக்கேல்லை. மூண்டாம் தரம் வெள்ளை மாளிகை. எனக்கும் இது மூண்டாம் தரம்.”

“அவர் நடிகரெல்லோ,” என்றார் கலாவதி.

“நான் என்ன குறைவோ?”

தொலைக்காட்சி விவாதத்தில் றீகன் விட்ட பகிடி ஒன்றைக் குலசேகரம் பாடமாக்கி வைத்திருந்தார். எழுந்து அதையே விட்டார்.

“கணேசலிங்கத்தாரின்ரை இளமையையும் அனுபவக் குறைவையும் நான் என்ரை லாபத்துக்குப் பாவிக்க மாட்டன்!”

அமெரிக்காவில் எதிராளி றீகனைவிட இளையவர். அங்கே சனம் சிரித்தது. இங்கே கணேசலிங்கத்துக்கு எழுபது வயது. தலைமயிர் மட்டும் கன்னங்கறுப்பு.

“என்ரை தலைமயிரைப் பற்றியோ கதைக்கிறீர்?”

“ஐயோ அண்ணை, இது அமெரிக்கப் பகிடி!”

“மை பூசிறது என்ரை சொந்த விசயம். எனக்கு உந்தப் பதவியே வேண்டாம்!”

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. றோல்ஸுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

“அப்ப போட்டி இல்லை. குலசேகரண்ணைதான் தலைவர். சாப்பிடுவம்,” என்றார் பெனடிக்ற்.

“ஏலாது! தனிய ஓடி முதலாவதா வந்தவனெண்டு நகரத்தின்ரை மற்றக் கோடி இல்ஃபோர்ட் வரைக்கும் சிரிப்பாங்கள். எனக்குத் தோற்பதற்கு ஒரு ஆள் வேணும். பெனடிக்ற், நீர் நில்லும்.”

“என்னை ஆரண்ணை மதிக்கிறது?”

“மதிக்க வைக்கிறன், இரும்.”

வைத்தார்.

“போன வருசம் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த பெடியளுக்காக ஹீத்ரோவிலை விடியவிடிய நிண்டது ஆர்? இரவு ஷிப்ட் முடிச்சு, கண் மூடாமல், அவங்களைக் கவுன்சிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? ஒரு நாள் எண்டாலும் தன்ரை பேரைச் சொன்னவரோ இந்த மனுசன்?”

பேசப் பேசக் குலசேகரமே தான் போட்டியாளர் என்பதை மறந்தார். றோல்ஸுக்கு வந்தவர்களில் ஒருவர் றோல்ஸை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பதினொரு பேரும் வாக்கு எழுதிப் போட்ட கடதாசித் துண்டுகளை எண்ணினார்கள். பெனடிக்ற் பத்து. குலசேகரம் ஒன்று.

“இந்த ஒண்டைப் போட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும்,” என்றார் குலசேகரம். “நான்தான்.”

பெனடிக்ற்கூடத் தனக்கே போட்டிருந்தார். பேச்சு அப்படி.

அனுதாபம் சொல்ல வந்த கைகளைக் குலசேகரம் தட்டிவிட்டார்.

“ஒருத்தரும் பாவம் பாக்கத் தேவையில்லை! அந்தாள் அறுபத்தொன்பது வயதிலை வந்தவர். எனக்கு அறுபத்தொண்டு. இன்னும் எட்டு வருசம் கிடக்கு. அடுத்த வருசமும் மண்டபம் நான்தான் பிடிப்பன். இதிலும் பெரிய மண்டபம்! இருநூறு பேரைக் கொண்டு வருவன்! அண்டைக்குப் பாருங்கோ!”

கழுத்துத் துண்டை உதறிச் சுற்றிக்கொண்டு, மழைக்குள் இறங்கி நடந்தார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் பெனடிக்ற்றுக்கு றோல்ஸ் இறங்கவில்லை.

“பாவம் அக்கா. ஒருக்கா எண்டாலும் அந்த மனுசனை வெல்ல விட்டிருக்கலாம்.”

“விசரே உமக்கு?” கலாவதி மண்டபக் கதவைச் சாத்திப் பூட்டில் திறப்பைத் திருகினார். “போன ரெண்டு வருசமும் வெண்டவர் என்ன செய்தவர்? கதிரையிலை இருந்தவர். இவரும் வெண்டு கதிரையிலை இருந்திட்டால், சங்கத்தை ஆர் நடத்திறது?”