சாட்சிப் பல்

"பிடுங்கின பல்லு இது. வலிக்கிற பல்லு இன்னும் வாய்லயே இருக்கு!" என்று டிரில் மாஸ்டர், காகிதத்தில் மடித்து வைத்திருந்த பல்லை எடுத்து வக்கீலின் மேஜைமேல் வைத்தார்.

வக்கீல் காப்பி டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். "எந்தப் பக்கம்னு பல் டாக்டர்கிட்ட ஒழுங்கா சொன்னீங்களா?"

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இடதுன்னுதான் சொன்னேன். பசங்களுக்கு இடது வலது சொல்லிச் சொல்லித்தான் சார் நான் சம்பளமே வாங்கறேன். என்னைப் போய் இப்படிக் கேக்கறீங்களே!"

"அப்ப நாம ஜெயிச்ச மாதிரிதான். ஒண்ணே ஒண்ணு, வலிக்கிற பல்லைத் தொடாதீங்க. அதான் நமக்குச் சாட்சி. தீர்ப்பு வர்ற வரைக்கும் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

ஆக, மாஸ்டர் சாட்சியை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றினார். சாட்சிக்கு அந்த நன்றி கொஞ்சமும் இல்லை. உட்கார்ந்தால் குடைந்தது, படுத்தால் குத்தியது. மைதானத்தில் விசில் ஊதினால் உயிர் போனது. விசிலுக்குப் பதிலாகக் கையைத் தட்டிப் பார்த்தார். தங்களைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

"கேஸ் கிடக்கட்டும், அந்தப் பல்லைப் பிடுங்கித் தொலைங்களேன்!" என்றாள் மனைவி. "நீங்க முனகற முனகல்ல பக்கத்து வீட்டுக்காரங்களே தூங்கலையாம்."

"இது என் மானப் பிரச்சினைடி! எனக்கு இடது வலது தெரியாதுன்னு ஊரே சிரிக்கணுமா?"

இன்னொரு பல் டாக்டரின் கருத்து எழுத்தில் வேண்டும் என்றார் வக்கீல். மாஸ்டர் முதலில் தேடிப் போன டாக்டர், பல்லைப் பிடுங்கிய எதிராளியோடு ஒன்றாகப் படித்தவர். அடுத்தவர் எதிராளிக்கு மாமனார். மூன்றாவது டாக்டரோ, வாயைத் திறந்ததுமே பதறிப்போய் இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டார். "ஐயோ, சாட்சி!" என்று அலறிக்கொண்டே மாஸ்டர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார். வாசல்வரை துரத்தி வந்த டாக்டர், வலிப்பது இடப்பக்கப் பல்தான் என்று நின்றவாக்கில் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை நாளில் மாஸ்டரின் வீங்கிப்போன ஒரு கன்னம் மட்டும் அவருக்கு முன்னாலேயே கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

எதிராளியான பல் டாக்டர் சொன்னார்: "ரெண்டு பக்கமும் சொத்தை இருந்துச்சுங்க. எந்தப் பக்கம் வலிக்குதுன்னு கேட்டேன். என் முகத்தைப் பார்த்து 'வலது'ன்னார். எடுத்துட்டேன்."

"அண்டப் புளுகு!" என்று துள்ளினார் மாஸ்டர்.

"அதைச் சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுங்க," என்றார் நீதிபதி. "வலது கையைத் தூக்குங்க."

மாஸ்டர் நீதிபதியைப் பார்த்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாகக் கையை உயர்த்தினார்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாசலில் பேர் கூப்பிடும் சேவகருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓடி வந்து கும்பிட்டார்.

"ஐயா, மாஸ்டரைத் தப்பா நினைச்சுக்காதீங்க. நான் அவர்கிட்ட படிச்சவன். எங்களைப் பார்த்து நின்னு சொல்லிக் கொடுத்தே பழகிட்டார். எதிர்ல ஆள் நின்னா, அவருக்கு எப்பவும் இடதுதான் வலது!"