செத்தவீட்டுக்கு முதல் நாள் கார் கழுவியவன்

என் அண்ணனின் செத்தவீட்டுக்கு முதல் நாள் பின்னேரம் நான் என் காரைக் கழுவினேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். குற்றவாளியின் வாக்குமூலமும் ஒன்று இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணை கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொயில் இருந்தார். நான் ஒடென்சேயில். நடுவில் ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம், கடலுக்கு மேலால் போகும் நீளப் பாலம். அறுபத்தொரு வயதில், தை மாதத்து விடியற்காலையில், மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆகவே கிரியை செய்ய வேண்டியவன் ஒரே தம்பியான நான். அண்ணி தொலைபேசியில் அழுதழுது சொன்னது ஒன்றுதான்: "தம்பி, நீங்கள் வந்தால்தான் எல்லாம்."

அப்படிப்பட்ட பொறுப்பு தலையில் இறங்கியதும் நான் யோசித்தது என்ன தெரியுமோ? காரின் அழுக்கை. பனி உருக வீதியில் தூவுகிற உப்புப் படிந்து அது சாம்பல் பூசிய பூசணிக்காய் மாதிரி நின்றது. நோர்வேயிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குகிறார்கள். (தம்பிக்காரன் ஊத்தைக் காரிலை வந்தவன் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது பாருங்கோ.) பெட்ரோல் நிலையத்துக் கழுவும் இயந்திரத்துக்குள் விட்டேன். சும்மா கழுவல் இல்லை; அடிவயிற்றுக்கும் தண்ணீர் பீய்ச்சுகிற முழுக் கழுவல். சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட இறுக்கி இழுத்தேன். துக்கத்தில் இருக்கிறவன் எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தானே பார்ப்பான். அன்றிரவு குளிர் மைனஸ் பதினொன்றுக்கு இறங்கியது.

காலை ஏழரைக்கு வெளிக்கிட்டோம். பத்தரைக்குக் கிரியை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் முகம் பார்க்கலாம். அங்கே போய் உடை மாற்ற நேரம் இராது என்று நான் வீட்டிலேயே வேட்டி கட்டிவிட்டேன்; உள்ளே கம்பளிக் காற்சட்டை இரண்டு, மேலே தடித்த ஜாக்கெட். மனைவி வதனி வெள்ளைச் சேலைக்கு மேல் கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாக ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் நல்ல பிள்ளையாக உடனே உயிர்த்தது. ஹாண்ட் பிரேக்கை இறக்கினேன். தடி உயிரில்லாமல் தொப்பென்று விழுந்தது. கியரைப் போட்டேன். கார் மூக்கைத் தூக்கி, பின்பக்கம் குந்தி, அப்படியே நின்றது.

"என்னப்பா, ஏன் வெளிக்கிடேல்லை?"

"எஞ்சின் சூடாகட்டும், பொறும்."

எஞ்சின் சூடானது. ஏதோ கருகும் மணமும் வந்தது. இறங்கிப் பார்த்தேன். பின் சில்லுகள் இரண்டையும் யாரோ தரையோடு சேர்த்து வார்த்துவிட்டதுபோல இருந்தது. கழுவின தண்ணீர் பிரேக்குக்குள் உறைந்து சில்லுகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கார் பழுதானால் வருகிற வீதியுதவிக்குத் தொலைபேசி அடித்தேன். குளிரால் எல்லா இடமும் இதே கதை, இரண்டு மூன்று மணி நேரம் செல்லும் என்றார்கள்.

"எட்டு மணி ரயிலைப் பிடிப்பம்," என்றாள் வதனி.

"கழுவி வச்ச காரை விட்டிட்டு ரயிலிலையோ?"

இதை நான் உண்மையாகவே சொன்னேன். வதனி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

மூன்றாம் மாடிக்கு ஓடிக் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து சில்லில் ஊற்றினேன். ஆவி எழும்பியது. வெற்றி மாதிரித்தான் தெரிந்தது. மூன்றாவது கேத்திலோடு வந்தபோது முதல் கேத்தில் தண்ணீர் தரையில் கண்ணாடியாகிக் காத்திருந்தது. கேத்தில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேட்டி நனைந்து, சில நிமிடத்தில் தகரம் போல விறைத்தது. மல்லாந்து கிடந்த என் ஜாக்கெட்டுக்குள் தொலைபேசி அடித்தது. அண்ணியின் தம்பி குகன்.

"மச்சான், எவடத்திலை வாறாய்?"

எனக்கு நேர் மேலே எங்கள் வீட்டு பல்கனி தெரிந்தது.

"பாலம் தாண்டிட்டன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அண்ணையின் பெட்டி திறந்து கிடக்கிறபோது, கார் கழுவினேன், அது உறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு பொய்யை நம்பி அங்கே நூறு பேர் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக் கிர்ஸ்டன் நாயோடு வந்தாள். எழுபது தாண்டியவள், ஒருகாலத்தில் பஸ் ஓட்டியவள். விறைத்த வேட்டியோடு நான் எழும்புவதைப் பார்த்து ஒன்றும் சிரிக்கவில்லை.

"நேற்றுக் கழுவினாயா?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஆமாம்."

"பிறகு ஹாண்ட் பிரேக் போட்டாயா?"

"ஆமாம்."

"பிரேக் போடாமல் கியரில் விட்டிருக்கலாமே." நாய் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணினால் என்ன குரலில் சொல்வாளோ, அந்தக் குரல்.

போய் ஒரு சுத்தியலோடு வந்தாள். என்னை முன்னுக்கும் பின்னுக்கும் காரை மெல்ல அசைக்கச் சொல்லி, சில்லில் அடித்தாள். இடது சில்லு 'டக்' என்று விட்டது. வலது விடவில்லை. எத்தனை அடித்தும் விடவில்லை. மணி ஒன்பதரை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு சில்லு சுத்தினால் காணும்" என்று வதனியிடம் சொல்லிவிட்டு அழுத்தினேன். கார் ஒரு காலை இழுத்துக்கொண்டு, கறுப்புக் கோடு கீறியபடி, வாகனத் தரிப்பிடத்தின் வாசல்வரை போனது. பின்னால் புகை. முன்னால் கிர்ஸ்டன், கையை உயர்த்தியபடி.

"இதில் பாலத்துக்குப் போனால் ஒரு செத்தவீடு மூன்றாகும். என் காரில் ஏறுங்கள்."

அவளுடைய கார் பெரிய சப்பாத்துப் பெட்டி அளவு. நாய் வதனியின் வெள்ளைச் சேலையில் தலைவைத்துப் படுத்தது. கிர்ஸ்டன் நெடுஞ்சாலையில் தொண்ணூறுக்கு மேல் போகவில்லை. லொறிகள் எங்களை முந்தின. கெஞ்ச வாயைத் திறந்தேன். முப்பது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் பஸ் ஓட்டினேன் என்றாள். வாயை மூடினேன்.

நாங்கள் உண்மையாகவே பாலத்தில் ஏறியபோது குகன் திரும்ப அடித்தான்.

"பாலம் தாண்டி எவ்வளவு நேரமாச்சு, எங்கை மச்சான்? எங்களுக்குப் பிறகு இன்னொரு செத்தவீடு இருக்காம். மண்டபக்காரர் நேரத்தைப் பாக்கினம்."

"கிட்ட வந்திட்டன்..."

வதனி தொலைபேசியைப் பறித்தாள். "குகன், இவர் பொய் சொல்லுறார். நாங்கள் இப்பதான் பாலத்திலை. எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, செய்யுங்கோ."

அங்கே குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "அப்ப ஆர் செய்யிறது?" அண்ணையின் மூத்த மகள் ஆரணி டேனிஷில் ஏதோ சொன்னாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. கோப்பன்ஹேகனில் தாதியாக வேலை. எங்களுக்கு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்லுகிறவள். தான் செய்கிறேன் என்றுதான் சொன்னாள். "பொம்பிளைப்பிள்ளை எப்பிடிச் செய்யிறது?" என்று ஒரு ஆண் குரல். அதற்கு மேலே அண்ணியின் குரல், அழுகை இல்லாமல்:

"அவள் செய்யட்டும். ஐயர், நீங்கள் தொடங்குங்கோ."

தொலைபேசி நின்றது. கீழே கடல் ஈயம் போலக் கிடந்தது.

நாங்கள் உள்ளே போனபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. பெட்டி மூடியாயிற்று. ஆணியும் முடுக்கியாயிற்று. குடம் சுமந்த ஆரணியின் தோளில் தண்ணீர் ஊறியிருந்தது. ஊத்தைக் காரைப் பற்றிக் கவலைப்பட்டவன், கிரீஸும் நாய்மயிரும் அப்பின வேட்டியோடு நூறு பேருக்கு நடுவால் நடந்து போய்ப் பெட்டியில் கையை வைத்தேன். பலகை குளிரவே இல்லை. மண்டபம் நல்ல சூடு. குளிர்ந்திருந்தது என் கைதான். பிறகு மண்டபக்காரர் வந்து பெட்டியைத் தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றச் செத்தவீட்டுக்காரர் வாசலில் பூக்களோடு நின்றார்கள்.

அதன்பிறகு வேறொரு மண்டபத்தில் சாப்பாடு. கிர்ஸ்டனுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்து நடுவில் இருத்திவிட்டார்கள். நான் ஒரு மூலையில், என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் பாலத்தில் காற்று, போக்குவரத்து மறிச்சுப்போட்டாங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (ஒரு பொய்யோடை நிப்பாட்டத் தெரியாத சென்மம்.) ஆரணி கிர்ஸ்டனிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். கிர்ஸ்டன் பஸ்சில் அறிவித்தல் சொல்லும் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"பாலத்தில் ஒன்றும் இல்லை. இவர் நேற்றுக் காரைக் கழுவினார். மைனஸ் பதினொன்றில்."

டேனிஷ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். ஜேர்மனிச் சொந்தம் வரை போய்ச் சேர்ந்தது. ஆரணி வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது, அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். பிறகு அண்ணியும் சேலைத் தலைப்புக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது எங்கள் குடும்பத்தில் படுக்கையை விட்டு எழும்பாதவன் "பாலம் தாண்டிட்டன்" என்றுதான் சொல்லுவான். கடலே காணாத ஜேர்மனி ஊரில் இருக்கிற பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். கலியாணவீடுகளில் என்னைக் கண்டால் சாப்பிடும் கையோடு கதையை முதலில் இருந்து தொடங்குவார்கள். நானும் கூடச் சேர்ந்து, கேத்தில் விழுந்த கட்டத்தை நடித்துக் காட்டுவேன்.

ஒரு வருடம் முடிய வந்த அண்ணையின் ஆட்டைத் திவசத்தையும் ஆரணியே செய்தாள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்து சப்பாத்துப் போடும்போது என் பக்கத்தில் குந்தி, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "சித்தப்பா, அண்டைக்கு நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தால் நான் பின்னாலதான் நிண்டிருப்பன்."

தலையாட்டினேன்.

நான் அண்ணையைக் கடைசியாகக் கண்டது அதற்கு முந்தின கோடையில், அவருடைய வீட்டு வாசலில். கைகாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று வதனி சொல்கிறாள். நான் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கார் எதிலும் உரசக்கூடாதென்று, அவர் நிற்காத மற்றப் பக்கத்துக் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.