சலீமா பீவி வூட்டு உற்றுநோக்கல்

இல்லடி சாய்ரா, நான் சொல்றதுல ஒரு பருக்கை பொய் இல்ல. கூரை ஒழுவுற வூட்டுக்கு, ஒரு குறையும் இல்லன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துச்சு. அதுவும் வூட்டுக்காரி வாயால சொன்னத வச்சே. நம்பலன்னா முழுசா கேளு, நடுவுல போன நோண்டாத.

நம்ம மேல்பட்டாம்பாக்கத்துல பள்ளிவாசல் தெரு கடைசி வூடு சலீமா பீவியோடது. அவ வூட்டுக்காரரு ரஃபீக் குவைத்துல மூட்ட தூக்கி, இடுப்பு போயி திரும்பி வந்துட்டாரு. போன புயல்ல ஓடெல்லாம் நவுந்து போச்சு. மழ பேஞ்சா அந்த மனுசன் படுத்திருக்கிற கட்டில் மேலயே ஊத்தும். அடுத்த மழைக்குள்ள கூரை ரிப்பேருக்குப் பணம் குடுங்கன்னு கடலூர் ஆபீசுல மனு போட்டா.

முன்னெல்லாம் ஒரு ஆளு வருவான், ஓட்ட அண்ணாந்து பாப்பான், போயிடுவான். இப்ப அது பழைய பேஷனாம். ஆபீசர் பொன்னுரங்கம் வெளியூர்ல ட்ரைனிங் முடிச்சிட்டு வந்தவரு. பயனாளிகளோட வாழ்வனுபவத்த அவுங்க குரல்லயே கேட்டு, அவுங்க வாழ்க்கைய உற்றுநோக்கித்தான் முடிவெடுக்கணும்னு உத்தரவு போட்டாரு. அதுக்கு சிதம்பரத்துல ஆராய்ச்சி படிக்கிற அருண்குமார்ங்கிற தம்பிய அனுப்பி வச்சாரு.

தம்பி மொதல்லயே போன் பண்ணி, நான் வர்றதுக்காக எதையும் மாத்தாதீங்க, இயல்பா இருங்கன்னு சொன்னாரு. சலீமா காதுல விழுந்தது ஒண்ணுதான், விருந்தாளி வர்றாரு. ஆளு வந்தா அவ இயல்பே வேற.

நூருல் அமீன் பந்தல் கடையிலேர்ந்து குஷன் வச்ச செவப்பு நாற்காலி வந்துச்சு. அவன் இருக்கானே, ஸ்ரீமுஷ்ணத்துல சொந்தத் தங்கச்சி நிக்காவுக்கு வச்சிருந்த நாற்காலியையே வாடகைக்கு விட்டுட்டு சம்பந்தி வூட்டார நிக்க வச்சவன். அத விடு, அது தனிக் கத. அவன்கிட்டயே ரோஸ் கலர் பந்தல் துணி வாங்கி, கறை புடிச்ச ஓடு தெரியாம மேல கட்டிட்டா. ஒழுவுற எடத்துல வச்சிருந்த வாளிய பீரோவுக்குப் பின்னாடி தள்ளிட்டா. முட்ட போட்டுக்கிட்டிருந்த கோழி பிரியாணியாயிடுச்சு.

தம்பி வந்தாரு. உற்றுநோக்குறவரு எதுலயும் கலந்துக்கக் கூடாதாம், அதனால சாப்பாடு வேணாம்னாரு. வந்தவரு சாப்புடலன்னதும் சலீமாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அத பாத்து ஒக்காந்தாரு. கால் எலும்பக் கடிச்ச பொறவு, இது பங்கேற்புடன் கூடிய உற்றுநோக்கல்னு பேர மாத்திக்கிட்டாரு.

போன்ல ரெக்கார்டிங்க அமுக்கி பக்கத்துல வச்சிக்கிட்டு, "அம்மா, உங்க வீட்டுல என்ன கஷ்டம், உங்க வார்த்தையிலயே சொல்லுங்க"ன்னாரு.

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க."

"கூரை ஒழுகுதுன்னு மனு குடுத்திருக்கீங்களே?"

"சாப்புடுற நேரத்துல அதெல்லாம் எதுக்கு தம்பி."

அப்ப பாத்து மழ புடிச்சிச்சு. பந்தல் துணி வழியா ஒரு சொட்டு தம்பி தட்டுலயே விழுந்துச்சு. அவரு அண்ணாந்து பாத்தாரு. சலீமா வேற தட்டு வச்சா. 'இக்குடும்பம் இயற்கையுடன் இணைந்து வாழ்கிறது'ன்னு அவரு எழுதிக்கிட்டாரு.

பக்கத்து வூட்டு மரியசெல்வமும் மனு போட்டிருந்தாரு. சலீமா பண்ணத பாத்துட்டு அவரு உஷாராயிட்டாரு. டிவி, கட்டில், பேன் எல்லாத்தயும் மச்சான் வூட்டுல போட்டுட்டு, கிழிஞ்ச பாயில ஒக்காந்து கஞ்சி குடிச்சாரு. எளிமைய விரும்பி ஏத்துக்கிட்ட குடும்பம், கூரை மாத்துனா இவுங்க வாழ்வியல் கெட்டுடும்னு அவருக்கு ரிப்போர்ட்டு.

ரெண்டு மனுவும் தள்ளுபடி. சலீமா கடலூருக்கு பஸ் ஏறுனா.

"ஒரு குறையும் இல்லன்னு சொன்னது நீங்கதானம்மா?"ன்னு கேட்டாரு பொன்னுரங்கம்.

"வூட்டுக்கு வந்தவருகிட்ட வேற என்ன சார் சொல்லுவாங்க?"

"அது உங்க குரலும்மா. ஏழைங்க குரல மாத்துற அதிகாரம் எனக்குக் கெடயாது"ன்னு அந்தப் பதிவப் போட்டே காட்டுனாரு.

"பின்னால சொட்டு சொட்டுன்னு கேக்குது பாருங்க சார். அதுதான் என் கூரை."

அவரு காத வச்சி கேட்டாரு. "அது பின்னணி இரைச்சல். அத நீக்கிட்டுத்தான் ஆய்வுக்கே எடுத்துக்குவோம்."

இப்ப ரஃபீக்க எங்க படுக்க வச்சிருக்கா தெரியுமா? நூருல் அமீன் குடோன்ல, அந்த செவப்பு நாற்காலி அடுக்குக்கு நடுவுல. அருண்குமார் தம்பி டாக்டர் பட்டம் வாங்கிட்டாரு. பொன்னுரங்கத்துக்கு சிதம்பரத்துல ஏசி ஹால்ல சால்வ போத்துனாங்க.

எல்லாம் அவ புத்திகெட்டத்தனம்டி. என் மனுவும் அந்த ஆபீசுலதான் கெடக்குது. வரட்டுமே எவனாவது, சரியா ஒழுவுற எடத்துல ஒக்கார வச்சி, தல நனைய நனைய பேட்டி குடுக்குறனா இல்லையான்னு பாரு.

யாரு அது வாசல்ல, கழுத்துல ஆபீசு அட்ட தொங்குது? வாங்க தம்பி, தூத்தல்ல நிக்காதீங்க. நாங்களா? அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல. சாய்ரா, அந்த வாளிய அப்பால தள்ளு. அடியே மவளே அம்ரீன், நூருல் அமீன் குடோனுக்குப் போயி அந்த செவப்பு நாற்காலில ஒண்ண உள்ள எடுத்தாந்து போடு.